ஃபிரிட்ஜ் கதவு திறந்தாலே ஓடி ஒளிகிறாள்: நாய்க்கு வீட்டில் இன்சுலின் போட உதவி தேவை

ஜூலி அம்மா, காரைக்குடி:
எங்கள் ஜூலி வெள்ளை ஸ்பிட்ஸ், ஒன்பது வயது, எட்டு கிலோ. பயந்த சுபாவம், தீபாவளி வந்தால் இரண்டு நாள் சோறு தொடமாட்டாள். ஐந்து வாரத்துக்கு முன்னால் சர்க்கரை என்று தெரிந்தது. காலை ஏழு, இரவு ஏழு, சாப்பிட்டதும் மூன்று யூனிட் இன்சுலின் போடச் சொன்னார் டாக்டர். முதல் வாரம் பேசாமல் போட்டுக்கொண்டாள். இப்போது மருந்தை எடுக்க ஃபிரிட்ஜ் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் மூலையில் போய் ஒட்டிக்கொள்கிறாள். கணவர் இழுத்து வந்து பிடிக்க, நான் பிடரியில் குத்துகிறேன். நேற்று இரவு பாதியில் திமிறி ஊசி வெளியே வந்துவிட்டது. மருந்து உள்ளே போனதா தெரியவில்லை. மறுபடி போடப் பயந்து விட்டுவிட்டேன். இன்று காலை அவர் கையைக் கடிக்க வந்தாள். இத்தனை வருடத்தில் பல்லைக் காட்டியதே இல்லை. என்னைக் கண்டும் பயப்படுகிறாளே என்று மனசு கேட்கவில்லை.

லேப் வீடு, ஈரோடு:
சகோதரி, எங்கள் லாப்ரடார் டாமிக்கு வீட்டில் இன்சுலின் போட்ட அனுபவத்தில் சொல்கிறேன். மறுபடி போடாமல் விட்டது மிகச் சரி. உள்ளே போனதா என்று சந்தேகம் வந்தால் இரண்டாவது ஊசி போடவே கூடாது. ஒரு வேளை குறைந்தால் சர்க்கரை கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். இரட்டிப்பாகப் போனால் சர்க்கரை தடாலென்று இறங்கி உயிருக்கே ஆபத்து. இனி சந்தேகம் வந்தால் அந்த இடத்து முடியைத் தொட்டு விரலை முகர்ந்து பாருங்கள். இன்சுலினுக்கு ஆஸ்பத்திரி மருந்து வாசனை உண்டு, தெரிந்துவிடும்.

சில கேள்விகள். சிரிஞ்சு மூடி என்ன நிறம்? ஒரு ஊசியை எத்தனை தடவை பயன்படுத்துகிறீர்கள்? ஸ்பிரிட் தடவுகிறீர்களா? எப்போதும் பிடரியில்தானா?

ஜூலி அம்மா, காரைக்குடி:
சிவப்பு மூடி அண்ணா. மருந்துப் பாட்டிலில் 40 என்று போட்டிருக்கிறது. வீணாகிறதே என்று ஒரு ஊசியை மூன்று நாள் வைத்துக்கொள்கிறேன். ஸ்பிரிட் பஞ்சு தடவுகிறேன். பிடரியில் ஒரே இடம்தான். இன்னொன்று, சாப்பாட்டுத் தட்டை மோப்பம் பிடித்துத்தான் கண்டுபிடிக்கிறாள். கண் லேசாக நீலம் கலந்த வெள்ளையாகத் தெரிகிறது. வயசாகிறது என்று நினைத்தோம்.

கால்நடை கிளினிக் உதவியாளர், திருச்சி:
அக்கா, அந்தக் கடைசி இரண்டு வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சர்க்கரை வந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு வருடத்துக்குள்ளேயே கண்புரை வந்துவிடும், அதுவும் வேகமாக. ஜூலிக்கு உங்கள் கை வருவதே தெரியாமல் இருக்கலாம். இருட்டில் யாரோ இழுத்துப் பிடித்துக் குத்தினால் நாமும் கடிப்போம். தொடுவதற்கு முன்னால் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், அப்புறம் தோளில் கை வையுங்கள், கையை எடுக்காமலே ஊசி போடும் இடத்துக்கு நகர்த்துங்கள். கண்ணை இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். புரையால் கண்ணுக்குள் அழற்சி வந்தால் வலிக்கும். அதற்குச் சொட்டு மருந்து இருக்கிறது.

சிவப்பு மூடி 40 பாட்டிலுக்கு, அதாவது ஒரு மில்லிக்கு 40 யூனிட் மருந்துக்கு, பொருத்தம்தான். கடையில் ஆரஞ்சு மூடி கொடுத்தால் வாங்காதீர்கள், அது 100-க்கானது. அதில் மூன்று கோடு இழுத்தால் பாதி மருந்துகூடப் போகாது. ஊசி ஒரு தடவைக்கு ஒன்றுதான். முனை மழுங்கினால் நமக்குத் தெரியாது, அவளுக்கு வலிக்கும். ஸ்பிரிட் எரியும், அந்த வாசனையே பயம் காட்டும். டாக்டரிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். எங்கள் கிளினிக்கில் இன்சுலினுக்குத் தடவச் சொல்வதில்லை. பிடரியை விட்டு விலாப் பக்கம் வாருங்கள், தினமும் இரண்டு விரல் தள்ளி இடம் மாற்றுங்கள்.

ஜூலிக்குக் கருத்தடை ஆபரேஷன் ஆகிவிட்டதா?

ஜூலி அம்மா, காரைக்குடி:
இல்லை. நோய் தெரிவதற்கு ஒரு மாதம் முன்னால்தான் பருவத்துக்கு வந்தாள்.

கால்நடை கிளினிக் உதவியாளர், திருச்சி:
அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பருவத்துக்குப் பின் சுரக்கும் ஹார்மோன் இன்சுலினை வேலை செய்ய விடாது. ஆபரேஷனுக்குப் பிறகு சர்க்கரை கட்டுக்குள் வருவது எளிது.

லேப் வீடு, ஈரோடு:
பயத்தைப் போக்க எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுப்பதை இன்றோடு விடுங்கள், அது அவளுடைய இடம். சமையலறையில் அவள் பார்க்காமல் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் கூடத்தில் ஒரு பாய் போட்டு அங்கே கூப்பிடுங்கள். ஊசி நேரம் இல்லாதபோது தினம் நாலைந்து தடவை வெறும் ஒத்திகை: விலாத் தோலைக் கூடாரம் மாதிரி தூக்குங்கள், உடனே ஒரு துண்டு வேகவைத்த கோழி. இரண்டு நாள் கழித்து மூடி போட்ட சிரிஞ்சால் தொடுங்கள், உடனே கோழி. வரிசை முக்கியம். முதலில் தொடல், பிறகு தீனி. தீனியைக் காட்டிக் கூப்பிட்டுக் குத்தினால் கோழியைக் கண்டாலே ஓடுவாள். எங்கள் டாமி அப்படித்தான் ஒரு மாதம் பிஸ்கட்டையே தொடவில்லை. தவறு என்னுடையது.

ஒத்திகை முடியும்வரை ஊசியை நிறுத்த முடியாது. அதனால் இரவுச் சாப்பாட்டில் கடைசிப் பிடியை எடுத்துவைத்துத் தட்டில் அழுத்தித் தேய்த்துக் கொடுங்கள். அவள் நக்கி முடிப்பதற்குள் நீங்கள் பக்கவாட்டில் உட்கார்ந்து போட்டுவிடலாம். கணவர் பிடிக்க வேண்டாம், தட்டைப் பிடித்தால் போதும். சரியாகச் சாப்பிடாத வேளையில் டாக்டருக்குப் போன் செய்யாமல் ஊசி போடாதீர்கள். தள்ளாடினாலோ நடுங்கினாலோ சர்க்கரை இறங்கியிருக்கலாம், ஈறில் தேன் தடவிவிட்டு உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

ஜூலி அம்மா, காரைக்குடி (பன்னிரண்டு நாள் கழித்து):
கண்புரைதான். சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள், கருத்தடை ஆபரேஷன் தேதி அடுத்த மாதம். ஒவ்வொரு வேளைக்கும் புது ஊசி, ஸ்பிரிட் இல்லை. முதல் நான்கு நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து மூக்கை மட்டும் நீட்டினாள், நான் தரையில் படுத்துக்கொண்டு கோழியை அங்கேயே கொடுத்தேன். நேற்று இரவு பேர் சொல்லித் தோளில் கை வைத்தபோது உடம்பு விறைத்தது, பிறகு தளர்ந்தது. ஊசி போட்டது தெரியாமல் தட்டை நக்கிக்கொண்டிருந்தாள். காலை வேளை இன்னும் கொஞ்சம் கஷ்டம்தான், பால்காரர் மணி அடித்தால் எழுந்து ஓடுகிறாள். ஏழுக்குப் பதில் ஏழேகாலுக்குப் போடலாமா என்று டாக்டரிடம் கேட்டேன், பரவாயில்லை, இரவும் ஏழேகால் ஆக்கிக்கொள்ளுங்கள் என்றார்.