பெர்லின் போலீஸ் தலைவர் ஹெல்டோர்ஃபைத் தியாகிகள் வரிசையில் வைக்கலாமா?

கரிசல் வாசகன்:
ஹிட்லரைக் கொல்ல 1944 ஜூலை 20 அன்று நடந்த முயற்சியைப் பற்றி நம் குழுவில் ஒரு படத்தொகுப்பு பகிரப்பட்டது. அதில் இறங்கி உயிரிழந்த ஸ்டாஃபன்பெர்க், பெக், ட்ரோட் ஆகியோரின் படங்களோடு வோல்ஃப்-ஹைன்ரிஷ் ஃபான் ஹெல்டோர்ஃபின் படமும் இருக்கிறது. கீழே "நீதிக்காக உயிர் தந்தவர்" என்று ஒரே வரி. அதை என்னால் அப்படியே விட முடியவில்லை.

இவர் 1896-ல் மெர்ஸெபுர்க்கில் பிறந்த பிரபு குடும்பத்துப் பிள்ளை. முதல் உலகப் போரில் குதிரைப்படை அதிகாரி. போர் முடிந்ததும் குடியரசை வெறுத்த தனியார் படைகளில் சேர்ந்தார், 1920-ல் வலதுசாரி காப் நடத்திய ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியிலும் பங்கெடுத்தார். பிரஷ்ய சட்டமன்ற உறுப்பினர், 1931 முதல் பெர்லினில் எஸ்.ஏ. எனப்படும் நாஜிக் கட்சியின் பழுப்புச் சட்டைப் படையின் தலைவர். அந்த ஆண்டு செப்டம்பர் 12, யூதர்களின் புத்தாண்டு நாள். குர்ஃபுர்ஸ்டென்டாம் தெருவில் நூற்றுக்கணக்கான எஸ்.ஏ. ஆட்கள், யூதர்போலத் தெரிந்தவர்களையெல்லாம் அடித்தார்கள். ஹெல்டோர்ஃப் காரில் வலம் வந்து அதை நடத்தினார். வழக்கு நடந்தது, சிறைத் தண்டனையும் கிடைத்தது. மேல்முறையீட்டில் அது வெறும் அபராதமாகச் சுருங்கிவிட்டது.

அப்புறம் 1933-ல் போட்ஸ்டாமில் போலீஸ் தலைவர், 1935 ஜூலையில் பெர்லினுக்கே போலீஸ் தலைவர். அந்தப் பதவி எப்படிக் காலியானது தெரியுமா? அதே தெருவில் யூதர்கள்மீது இன்னொரு கலவரம் நடந்தது. முந்தைய போலீஸ் தலைவர் லெவெட்ஸோவை நீக்கிவிட்டு, பிரசார அமைச்சர் கோயபல்ஸுக்கு நெருக்கமான இவரை உட்கார வைத்தார்கள். கலவரம் செய்தவரிடமே காவலைக் கொடுத்த கதை இது. இவரை எந்த நீதிக்காக உயிர் தந்தவர் என்று சொல்வது?

பீரங்கி:
வாசகன் சார், நீங்கள் எழுதியதில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் 1935-லேயே நிறுத்திவிட்டீர்கள். நான் மீதியைச் சொல்கிறேன்.

1938 ஜனவரியில் போர் அமைச்சர் ப்ளோம்பெர்க்கின் புது மனைவியின் பழைய வாழ்க்கையைப் பற்றிய போலீஸ் கோப்பு ஹெல்டோர்ஃபின் மேஜைக்கு வந்தது. முறைப்படி அது நாட்டின் போலீஸுக்கெல்லாம் தலைவரான ஹிம்லரிடம் போயிருக்க வேண்டும். இவர் அதை ராணுவத்தில் இருந்த கைட்டலிடம் எடுத்துக்கொண்டு போனார். கைட்டல் அதைக் கோரிங் பக்கம் தள்ளிவிட்டார், ப்ளோம்பெர்க் வீழ்ந்தார். அது ஹெல்டோர்ஃபின் கையில் இல்லாத விஷயம். அந்த அசிங்கங்களுக்குப் பிறகுதான் ராணுவத்தில் சிலர் ஹிட்லரை எதிர்க்கத் துணிந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் செக்கோஸ்லோவாக்கியா நெருக்கடியின்போது ராணுவ உளவுத்துறை அதிகாரி ஓஸ்டர் தீட்டிய கவிழ்ப்புத் திட்டத்தில் பெர்லின் போலீஸும் இருந்தது. ஹெல்டோர்ஃபும் அவருக்குத் துணைத் தலைவராக இருந்த ஷூலன்புர்க்கும் அதை அறிந்து சம்மதித்தவர்கள். மியூனிக் ஒப்பந்தம் வந்து போர் தவிர்ந்ததால்தான் அது கைவிடப்பட்டது.

1938-ல் ஜெர்மனி எந்தப் போரிலும் தோற்கவில்லை. "கப்பல் மூழ்கும்போது குதித்தார்" என்ற குற்றச்சாட்டு இங்கே நிற்காது. ஆறு வருடம் கழித்து மறுபடியும் அதே வேலையில் இறங்கினார், 1944 ஆகஸ்ட் 15 அன்று மக்கள் நீதிமன்றம் என்ற பெயரில் நடந்த விசாரணையில் தண்டிக்கப்பட்டு, அன்றே ப்ளோட்சென்ஸே சிறையில் தூக்கிலிடப்பட்டார். உயிரைக் கொடுத்தவனிடம் இன்னும் என்ன கேட்பீர்கள்?

மலர்விழி:
கேட்க நிறைய இருக்கிறது, பீரங்கி அண்ணா. நீங்கள் சொன்ன அதே 1938-ஐயே எடுத்துக்கொள்வோம். மாதம் மாதமாகப் பாருங்கள்.

மே, ஜூன்: பெர்லினை விட்டு யூதர்களைத் துரத்த என்னென்ன செய்யலாம் என்று கோயபல்ஸும் ஹெல்டோர்ஃபும் சேர்ந்து திட்டமிட்டார்கள். காஃபிக் கடைகளில் சோதனை, சின்னஞ்சிறு போக்குவரத்துக் குற்றங்களுக்குக்கூடக் கைது, கடைக் கண்ணாடிகளில் பெயிண்ட். செப்டம்பர்: நீங்கள் சொன்ன சதித்திட்டம். நவம்பர்: 9-ஆம் தேதி இரவு நாடெங்கும் யூத ஜெபக்கூடங்கள் எரிந்தன. டிசம்பர் 3: பெர்லின் போலீஸ் தலைவரின் ஆணை வருகிறது. தியேட்டர், அருங்காட்சியகம், விளையாட்டு அரங்கம், குளியல் நிலையம், வில்ஹெல்ம் தெரு, உன்டர் டென் லிண்டனின் ஒரு பகுதி, இங்கெல்லாம் யூதர்கள் கால் வைக்கக் கூடாது. செப்டம்பரில் ஹிட்லரைக் கவிழ்க்கச் சம்மதித்தவரின் அலுவலகம் டிசம்பரில் இதை வெளியிடுகிறது.

பாஸ்போர்ட் விஷயம் இதையெல்லாம்விட மோசம். நாட்டை விட்டு ஓடத் துடித்த வசதியான யூதர்களின் பாஸ்போர்ட்டுகளை இவருடைய போலீஸ் பிடுங்கி வைத்துக்கொண்டு, பெருந்தொகை வாங்கிய பிறகுதான் திருப்பிக் கொடுத்தது. "ஹெல்டோர்ஃப் நன்கொடை" என்றே அதற்குப் பெயர். தப்பிக்கும் வாசலில் நின்று வசூல் செய்தவர் இவர். இதை ஹிட்லர் கட்டளையிட்டார், வேறு வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இது அவராகச் செய்தது. வாழ்நாள் முழுக்கச் சூதாட்டக் கடனில் மூழ்கியிருந்தவர் என்பதையும் மறக்க வேண்டாம். ஹானுஸன் என்ற யூத வம்சாவளி ஜோசியரிடம் கடன் வாங்கியிருந்தார். அந்த மனிதரை 1933 மார்ச்சில் எஸ்.ஏ. ஆட்கள் கொன்றுபோட்டார்கள்.

பீரங்கி:
ஹானுஸன் கொலையில் ஹெல்டோர்ஃபின் கை இருந்தது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. அதை அவர் கணக்கில் எழுதாதீர்கள், தங்கச்சி.

நவம்பர் 1938 பற்றி: அந்த இரவில் அவர் பெர்லினில் இல்லை. திரும்பி வந்ததும் அதிகாரிகளைக் கூட்டி, ஏன் கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள், நான் இருந்திருந்தால் கொள்ளையடித்தவர்களைச் சுட உத்தரவிட்டிருப்பேன் என்று சீறியதாகக் கிஸேவியுஸ் எழுதியிருக்கிறார். ஹெல்டோர்ஃபை நேரில் அறிந்தவர் அவர்.

தஞ்சை செந்தில்:
நண்பர்களே, இடையில் நுழைகிறேன். கிஸேவியுஸை அப்படியே நம்ப வேண்டாம். அவரும் சதியில் இருந்தவர், ஹெல்டோர்ஃபின் நண்பர், ஜூலை 20 அன்று கூடவே இருந்தவர், உயிர் தப்பியவர். இறந்துபோன நண்பனைப் பற்றிப் போருக்குப் பின் எழுதுகிறவர் எதைக் கூட்டுவார், எதை விடுவார் என்பதை யோசிக்க வேண்டும்.

அந்தச் சாட்சியத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சம்பவத்தை வையுங்கள். நவம்பர் 9 இரவு பெர்லினின் ஒரானியன்புர்கர் தெருவில் இருந்த 'புதிய ஜெபக்கூடம்' என்ற யூதக் கோவிலுக்குத் தீ வைக்க எஸ்.ஏ. ஆட்கள் வந்தார்கள். ஹாக்கெஷர் மார்க்ட் காவல் நிலையத்துப் போலீஸார் துப்பாக்கியோடு போய் அவர்களைத் துரத்தினார்கள். இது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று சொல்லித் தீயணைப்புப் படையையும் வரவழைத்தார்கள். கட்டடம் அன்று பிழைத்தது. அந்த நிலையத்தின் தலைவர் வில்ஹெல்ம் க்ரூட்ஸ்ஃபெல்ட். இரண்டு நாள் கழித்து அவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டவர் யார்? போலீஸ் தலைவர் ஹெல்டோர்ஃப்.

சும்மா நின்றவர்களைத் திட்டினார் என்கிறது ஒரு கதை. தடுத்தவரை விசாரித்தார் என்கிறது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துப் படித்தால் முதல் கதையின்மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது.

பீரங்கி:
செந்தில், அந்தச் சம்பவத்தின் முடிவையும் சொல்லுங்கள். க்ரூட்ஸ்ஃபெல்டுக்குக் கண்டிப்புதான் கிடைத்தது. வேலை போகவில்லை, முகாமுக்கு அனுப்பப்படவில்லை. அந்த நாட்களில் ஒரு போலீஸ் தலைவர் நினைத்திருந்தால் அந்த மனிதரை அழித்திருக்கலாம். மேலிடத்துக்குக் காட்ட ஒரு கண்டிப்பு, அதோடு விட்டார். நான் அதை அப்படித்தான் பார்க்கிறேன்.

மலர்விழி:
நீங்கள் அப்படிப் பார்க்கலாம். ஆனால் அந்தச் சம்பவத்தில் துணிச்சல் யாருடையது? ஒரு காவல் நிலைய அதிகாரி, சட்டத்தின் ஒரு சிறு விதியைப் பிடித்துக்கொண்டு எஸ்.ஏ. கும்பலை எதிர்த்து நிற்க முடிந்தது. அவருக்கு மேலே, நகரத்தின் மொத்தப் போலீஸையும் கையில் வைத்திருந்தவர் அதே மாதங்களில் பாஸ்போர்ட்டுக்கு விலை வைத்துக்கொண்டிருந்தார். "அந்தக் காலத்தில் யாராலும் எதுவும் செய்ய முடியாது" என்ற வாதம் அவருடைய அலுவலகத்துக்குள்ளேயே பொய்யாகிவிட்டது. எனக்கு இதுதான் முக்கியம். 1933-ல் பெர்லினில் சுமார் 1,60,000 யூதர்கள் இருந்தார்கள். 1941 அக்டோபரில் க்ரூனெவால்ட் ரயில் நிலையத்திலிருந்து நாடுகடத்தல் தொடங்கியது. 50,000-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அத்தனை நாளும் அவர் அதே நாற்காலியில் இருந்தார்.

பீரங்கி:
நாடுகடத்தலை நடத்தியது ரகசியப் போலீஸான கெஸ்டாப்போ. அது ஹெல்டோர்ஃபுக்குக் கீழே இல்லை.

மலர்விழி:
ஆமாம், நடத்தியது கெஸ்டாப்போதான். ஆனால் அவர் ராஜினாமா செய்யவில்லை.

கரிசல் வாசகன்:
ஜூலை 20 அன்று அவர் என்ன செய்தார் என்பதையும் பார்ப்போம். மாலையில் சதியின் மையமான, ராணுவத் தலைமையகம் இருந்த பென்ட்லர் தெருவுக்குப் போனார். ஹிட்லர் இறந்துவிட்டார், போலீஸ் இனி ராணுவத்தின் கீழ் என்று சதியில் இருந்த தளபதி ஓல்ப்ரிஷ்ட் சொன்னார். அலெக்ஸாண்டர்பிளாட்ஸில் இருந்த போலீஸ் தலைமையகத்துக்குத் திரும்பி உத்தரவுக்காகக் காத்திருந்தார். உத்தரவு வரவில்லை. அந்தத் தாமதத்துக்கு அவரைக் குறை சொல்ல மாட்டேன், அன்று எல்லோரும் தடுமாறினார்கள்.

ஆனால் அதே கட்டமைப்பில் அவரோடு இருந்த இன்னொரு சதிகாரரைப் பாருங்கள். குற்றப் போலீஸின் தலைவர் ஆர்தர் நேபெ. 1941-ல் பெலாரஸில் கொலைப்படை ஒன்றுக்குத் தலைமை தாங்கி, சில மாதங்களில் பல்லாயிரம் பேரைக் கொன்றவர். அவரும் 1945 மார்ச்சில் தூக்கிலிடப்பட்டார். சதியில் இருந்தார், தூக்கிலிடப்பட்டார் என்பது மட்டும் போதுமென்றால் நேபெயின் படத்தையும் மாட்ட வேண்டும். பீரங்கி சார், மாட்டுவீர்களா?

பீரங்கி:
நேபெயை மாட்ட மாட்டேன். ஹெல்டோர்ஃபை அவரோடு ஒன்றாக நிறுத்தவும் மாட்டேன். சரி, "நீதிக்காக உயிர் தந்தவர்" என்ற வரியை எடுத்துவிடலாம், அதற்கு எனக்கு ஆட்சேபம் இல்லை. படத்தை எடுக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் சதியில் இருந்தது உண்மை. அதை மறைத்தால் அதுவும் பொய்தான்.

தஞ்சை செந்தில்:
அப்படியென்றால் கீழே இப்படி எழுதலாமா: "1931 யூத எதிர்ப்புக் கலவரத்தை நடத்திய எஸ்.ஏ. தலைவர். 1935 முதல் பெர்லின் போலீஸ் தலைவராக யூதர்களை ஒடுக்கியவர். 1938 முதல் ஹிட்லர் எதிர்ப்பாளர்களோடு தொடர்பு. 1944 ஆகஸ்ட் 15 தூக்கிலிடப்பட்டார்."

மலர்விழி:
பாஸ்போர்ட் வசூலும் டிசம்பர் 3 ஆணையும் தனியாக இருக்க வேண்டும். "ஒடுக்கியவர்" என்ற ஒரு சொல்லுக்குள் அவை மறைந்துவிடும்.

பீரங்கி:
அப்படியானால் 1938 செப்டம்பரும் தனியாக வரட்டும்.

மலர்விழி:
வரட்டும். தேதி வரிசையில் எழுதுங்கள், செப்டம்பருக்கு அடுத்து டிசம்பர். பக்கத்தில் க்ரூட்ஸ்ஃபெல்டின் படத்தையும் சேருங்கள்.