நெஞ்சில் நீர், ஏடிஏ அதிகம்: டிபி என்று முடிவு கட்டும் முன்

தண்டையார்பேட்டை லேப்:
ஹெச்ஐவி உள்ளவருக்கு நெஞ்சில் நீர் கோத்தால் நம்ம பக்கம் முதலில் டிபியைத்தான் நினைப்போம். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் ஏடிஏ (அந்த நீரில் அளக்கும் ஒரு நொதி) 40-ஐத் தாண்டியதுமே வேறு எதையும் தேடாமல் விட்டுவிடுகிறார்கள். லிம்ஃபோமாவிலும் (நிணநீர்ப் புற்று) ஏடிஏ ஏறும். 250-க்கு மேல் போனால் லிம்ஃபோமாவையும் சீழையும் கட்டாயம் சந்தேகிக்கணும். காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு, நீரில் லிம்போசைட் என்ற வெள்ளணு எல்லாம் இரண்டுக்கும் பொது. அதனால் நீர் எடுக்கும் அன்றே 50-60 மில்லி சைட்டாலஜிக்கு (புற்றணு தேடும் சோதனை) கொடுங்கள், செல் பிளாக்கும் (நீரிலுள்ள அணுக்களைக் கட்டியாக்கி வெட்டிப் பார்ப்பது) கேளுங்கள். 5 மில்லியைக் கொடுத்துவிட்டு 'புற்றணு இல்லை' என்ற வரியை நம்பவே கூடாது. அணுக்களை வகை பிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு நீர் தனியாக, ஃபார்மலின் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) படாமல், அன்றைக்கே போய்ச் சேரணும்.

ராயபுரம் நர்ஸ்:
லேப் சார் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் இழுக்கக்கூடாது. நடுவில் இருமலோ நெஞ்சு இறுக்கமோ வந்தால் அங்கேயே நிறுத்தணும். சுருங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென விரிந்தால் அதற்குள்ளேயே நீர் கசியும். கழுத்தில் நெறி கட்டியிருந்தால் ஊசியில் உறிஞ்சி எடுப்பது லிம்ஃபோமாவைப் பிரித்துச் சொல்லப் போதாது, கட்டியை முழுசாக எடுக்கணும். எடுத்ததில் பாதி ஃபார்மலினில், பாதி நார்மல் சலைனில் (உப்பு நீர்). பதற்றத்தில் எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துப்போகும், கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எதுவும் வளராது.

ஏஆர்டி (ஹெச்ஐவி கூட்டு மருந்து) கவுன்சிலர்:
அக்கா, வாயைத் திறந்து அண்ணத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஊதா நிறத் திட்டு இருந்து, சளியில் ரத்தமும் வந்தால் கபோசி சர்கோமா என்ற புற்று நுரையீரலைப் பிடித்திருக்கலாம். நம்மூரில் அபூர்வம்தான், ஆனால் ஸ்டீராய்டு கொடுத்தால் வேகமாகப் பரவும். நிமோசிஸ்டிஸ் நிமோனியாவுக்கோ (ஹெச்ஐவியில் வரும் ஒரு பூஞ்சை நுரையீரல் தொற்று) அதே ஸ்டீராய்டு உயிர் காக்கும். அதனால் திட்டு இருப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடணும்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஏஆர்டி, ஓட்டேரி ஆஸ்பத்திரியில் நெஞ்சு வைத்தியம் என்று இரண்டு இடம் போகிறவர்கள் எல்லா ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைலில் வையுங்கள். டிபி மருந்தில் ரிஃபாம்பிசின் இருக்கும்வரை ஹெச்ஐவி மாத்திரையான டோலுடெக்ராவிர் 50 மி.கி. காலையும் இரவும் வேண்டும்; ரிஃபாம்பிசின் இருந்தால் கல்லீரல் அதை வேகமாகக் கரைத்துவிடும். பயாப்ஸியில் (திசுச் சோதனை) லிம்ஃபோமா என்று வந்து டிபி மருந்தை நிறுத்தினாலும், அந்தக் கூடுதல் மாத்திரையை இன்னும் 2 வாரம் தொடரணும்; ரிஃபாம்பிசினின் தாக்கம் கல்லீரலை விட்டு இறங்க அவ்வளவு நாளாகும். கீமோ ஓடும்போது சிடி4 (எதிர்ப்புச் சக்தி அணு) எத்தனை இருந்தாலும், தொற்று வராமல் தடுக்கும் கோட்ரைமாக்ஸசோல் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.