எடை குறைந்தது தராசில் இல்லை

எழுத்தாக வரும் எண்ணைக் கணினி மாற்றும்போது வரும் பிழைகளைப் பற்றி மூன்று ஊர்களிலிருந்து எழுதியவை.

கம்பத்திலிருந்து:

போடியில் ஏலக்காய் வாங்கி விற்கும் ஒரு கடையின் பில் மென்பொருளைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். குமுளிப் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் சிட்டையில் எடை கொஞ்சம் கொஞ்சம் குறைகிறது என்று புகார். எல்லாரும் எடை போடுகிறவரைத்தான் சந்தேகப்பட்டார்கள். மனுஷன் நொந்து போயிருந்தார்.

தராசு சரியாகவே இருந்தது. அது அனுப்பும் "12.850" என்ற ஸ்ட்ரிங்கை (எழுத்துகளின் வரிசை, கணினிக்கு இது எண் அல்ல), முன்பு யாரோ எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல் முழு எண்ணாக மாற்றும் பார்ஸ்இன்ட் என்ற கட்டளை வழியாக எண்ணாக்கியது. பார்ஸ்இன்ட் புள்ளியைக் கண்டதும் நின்றுவிடும், 12 மட்டும் மிஞ்சும். 850 கிராம் ஏலக்காய் போயே போச்சு, ஒரு எச்சரிக்கைகூட வராது. புள்ளிக்குப் பின்னுள்ளதையும் எடுத்துக்கொள்ளும் பார்ஸ்ஃப்ளோட்டும் லேசுப்பட்டதில்லை, "1,25,000" என்று கமாவோடு கொடுத்தால் 1 என்று தரும். இதே "12.850"-ஐ பைத்தான் என்ற இன்னொரு நிரல்மொழியில் இதே வேலை செய்யும் இன்ட்டிடம் கொடுத்தால் வேல்யூ எரர் என்று பிழை காட்டி நின்றுவிடும். எனக்கு அந்தக் கறார்தான் பிடிக்கும். ஏழைத் தோட்டக்காரர் காசில் மென்பொருள் சத்தமில்லாமல் கை வைக்கக் கூடாது.

இப்போது எடையை 12850 கிராம் என்று முழு எண்ணாகவே வைக்கிறோம். எண்ணும் ஒரு புள்ளியும் தவிர வேறு எது வந்தாலும் சிட்டை அச்சாகாது. தராசுப் பதிவோடு ஒப்பிட்டு, பழைய பாக்கியையும் வரவு வைக்கச் சொன்னேன். வைத்தார்கள்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

அண்ணா, இங்கே பால் பணம் அனுப்பும் பட்டியலில் வங்கிக் கணக்கு எண்தான் தொல்லை. சிஎஸ்வி கோப்பை (கமாவால் பிரித்த பட்டியல்) எக்செலில் நேரடியாகத் திறந்தால் முன்னால் உள்ள பூஜ்யங்கள் போய்விடும். 16 இலக்க எண்ணில் கடைசி இலக்கம் பூஜ்யமாகும், ஏனென்றால் எக்செல் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். அப்படியே சேமித்துவிட்டால் மீட்கவே முடியாது. கணக்கு எண்ணை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லையே, ஸ்ட்ரிங்காகவே இருக்கட்டும். கோப்பை எக்செலுக்குள் கொண்டுவரும்போதே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் (எழுத்து) என்று குறித்துவிடுகிறோம்.

நகரியிலிருந்து:

இங்கே விசைத்தறிக் கூலிக் கணக்கில் காலை 18 மீட்டரும் மாலை 14 மீட்டரும் சேர்ந்து 1814 ஆயின. படிவத்திலிருந்து வருவது ஸ்ட்ரிங், ஜாவாஸ்கிரிப்டில் கூட்டல் குறி அதை ஒட்டிவிடும். கழித்தலில் எண்ணாக்கிச் சரியாகவே தருவதால், பிடித்தம் மட்டும் சோதித்தவர்கள் கண்ணில் படவில்லை.

ஆனால் கம்பத்து அண்ணன் சொல்வதில் ஒரு சேர்க்கை. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட்டில் 64 பிட் தசம எண் 16 பிட் முழு எண்ணுக்குள் கொள்ளவில்லை. அங்கே நிரல் கறாராகப் பிழை காட்டித்தான் நின்றது. மாற்றுக் கணினியும் அதே காரணத்தால் நின்றது, புறப்பட்ட ஒரு நிமிடத்துக்குள் ராக்கெட் சிதறியது. கடையில் சிட்டை நிற்கலாம், பறக்கும்போது நிற்க இடமில்லை. அதனால் குறியுள்ள 16 பிட் முழு எண்ணின் உச்சமான 32,767-க்கு மேல் போகுமா என்பதை மாற்றுவதற்கு முன்பே பார்த்து, போனால் என்ன செய்வது என்றும் எழுதிவைக்க வேண்டும்.