அனுபவப் பகிர்வு: விட்டுப்போன அதிகாரங்களும் இன்றைய மன்னாவும்

கேத்தியிலிருந்து ஒரு சகோதரர்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். தினமும் வேதம் (பைபிள்) வாசிக்க, ஜெபிக்க உங்களுக்குக் கைகொடுத்தது எது என்று போன வாரம் ஒரு தங்கை இங்கே கேட்டிருந்தார். எனக்குக் கைகொடுத்தது ஒரு பாட்டி கேட்ட கேள்வி. அதைச் சொல்கிறேன்.

நான் கேரட் லோடு அடிக்கிறவன். எங்கள் பக்கம் நடுராத்திரிக்கு மேல் கேரட் பிடுங்க ஆரம்பித்துவிடுவார்கள். மிஷினில் போட்டுக் கழுவி, மூட்டை பிடித்து, நேரத்தோடு மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஊரெல்லாம் எழுந்து முகம் கழுவுகிற நேரத்தில் நான் பர்லியார் தாண்டியிருப்பேன். அதனால் 'அதிகாலையில் எழுந்து ஆண்டவருடைய பாதத்தில் அமர்ந்திருங்கள்' என்று பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் மனசு சோர்ந்துபோகும். அது நமக்குக் கொடுத்துவைக்கவில்லை என்றே நினைத்துக்கொள்வேன்.

ஆனாலும் வருஷாவருஷம் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் தீர்மானம் எடுப்பேன். நம் எல்லாருக்கும் தெரிந்த கணக்குதான். வார நாளில் 3 அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை 5. மொத்தம் 1189 அதிகாரமும் வருஷத்துக்குள் முடிந்துவிடும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. ஜனவரி கடைசியில் லேவியராகமத்துக்குள் நுழைவேன். அங்கேதான் நின்றுபோகும். ஒரு வாரம் தவறினால் 23 அதிகாரம் பாக்கி, இரண்டு வாரம் என்றால் 46. பாக்கி ஏற ஏற வேதத்தைக் கையில் எடுக்கவே கூச்சமாகிவிடும், கடன் கொடுத்தவர் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப்போகிற மாதிரி. ஆறேழு வருஷம் இப்படியே போனது.

ஒரு பிப்ரவரி மாதம். நல்ல உறைபனி. கழுவுகிற இடத்தில் லோடு ஆகிறவரை வண்டிக்குள் உட்கார்ந்து, போனில் வேகவேகமாக வாசித்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். அங்கே கேரட் தரம் பிரிக்கிற பாட்டி ஒருவர் உண்டு. அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். தலையைச் சுற்றிக் கம்பளிச் சால்வை, பனித்தண்ணீரில் ஊறி வெளுத்துப்போன விரல்கள். கை சூடேற்ற எங்கள் வண்டிப் பக்கம் மூட்டியிருந்த நெருப்புக்கு வந்தவர், "என்ன தம்பி, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிக்கிற?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். 46 அதிகாரம் பாக்கி பாட்டி, இந்த வாரத்துக்குள் பிடித்துவிட வேண்டும் என்றேன்.

அவர் நெருப்பையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "வனாந்தரத்துல மன்னா விழுந்துச்சே, முந்தாநாள் பொறுக்காம விட்டதையும் சேத்து யாராச்சும் பொறுக்குனாங்களா?"

மன்னா என்றால் வனாந்தரத்தில் இஸ்ரவேல் ஜனங்களுக்கு வானத்திலிருந்து வந்த உணவு. எனக்குப் பதில் வரவில்லை. யாத்திராகமம் 16, அந்த வருஷம் நான் வாசித்து முடித்திருந்த அதிகாரம்தான். அவரவர் சாப்பிடும் அளவுக்கு, விடியற்காலந்தோறும். மறுநாளுக்கென்று மிச்சம் வைத்தது பூச்சி பிடித்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரட்டிப்பு. நேற்றைய பாக்கி என்று ஒன்று அந்தக் கணக்கில் கிடையவே கிடையாது.

பாட்டிக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். சாயங்காலம் பேத்தி ஒரு சங்கீதம் வாசிப்பாளாம். அதில் ஒரே ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ராத்திரி வேலைக்கு வந்துவிடுவாராம். அன்றைக்கு என்ன வரி என்று கேட்டேன். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்." சொல்லிவிட்டு மறுபடி போய்க் குனிந்துகொண்டார். கேரட்டைப் புரட்டும்போது அவர் உதடு அசைவதை நான் பல நாள் பார்த்திருக்கிறேன். தனக்குத்தானே பேசிக்கொள்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்றோடு பாக்கியை விட்டுவிட்டேன். மாற்கு சுவிசேஷம் எடுத்தேன், 16 அதிகாரம். லோடு ஆகிற நேரத்தில் ஒரு நாளைக்கு ஒன்று, வாய்விட்டு. தவறிய நாள் தவறியதுதான். மறுநாள் அடுத்த அதிகாரம்.

ஜெபத்துக்கு மலைப்பாதையே வழி காட்டியது. குன்னூரிலிருந்து இறங்கும்போது 14 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் ஒருவர் என்று வைத்துக்கொண்டேன். கண்ணும் மனசும் ரோட்டில்தான் இருக்கும், வண்டி இரண்டாவது கியரில் இறங்கும், வாயில் அந்த ஒரு பெயர், கூட ஒரு வரி. முதல் வளைவு மனைவிக்கு. அப்புறம் பிள்ளைகள், எங்கள் சபை ஐயர் (போதகர்), கூட ஓட்டுகிறவர்கள். பதினோராவது வளைவை, எனக்கு நாலு மாத வண்டி வாடகைப் பணம் தராமல் இழுத்தடித்த ஒரு வியாபாரிக்கு என்று வைத்தேன். முதலில் அவர் பெயரைச் சொல்லவே நாக்கு எழும்பவில்லை. பெயரை மட்டும் சொல்லிவிட்டு வளைவைக் கடந்துவிடுவேன். ஏழெட்டு மாதம் கழித்து அவருடைய மகன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டபோது, லோடு இறக்கிவிட்டு நேராகப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். யோசித்துப் போகவில்லை, கால் தானாகப் போனது. பணம் இன்னும் வரவில்லை. ஆனால் அந்த வளைவில் இப்போது எனக்குத் தொண்டை அடைப்பதில்லை.

செண்பகனூரிலிருந்து ஒரு சகோதரி:

அண்ணா, பதினோராவது வளைவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் கத்தோலிக்கப் பெண், கொடைக்கானல் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. எங்கள் செண்பகனூரில் சேசு சபையார் 1895-இல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரி இருக்கிறது. அதனாலோ என்னவோ, அந்தச் சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்த ஆன்ம சோதனை இங்கே பலருக்கும் பழக்கம். எனக்கு அதைக் கற்றுத்தந்தவர் மூன்று நாள் தியானம் கொடுக்க வந்த வயதான குருவானவர் ஒருவர்.

ராத்திரி படுக்கும் முன் பத்து நிமிடம். நன்றி, ஒளிக்காக வேண்டுதல், நாளைத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம் என்று ஐந்து படி. நான் எப்போதும் நேராகப் பாவத்துக்குப் போய்விடுவேன். "நன்றியை விட்டுட்டு ஏன்மா குதிக்கிற? முதல்ல இன்னைக்குக் கெடச்சத எண்ணு" என்றார் சாமி. எண்ண ஆரம்பித்தால்தான் தெரிகிறது, கெடுத்துக்கொண்டது எங்கே என்பதும் அந்த வெளிச்சத்திலேயே தெரிந்துவிடுகிறது.

ஒரு நாள் அப்படித் திரும்பிப் பார்க்கும்போது, அன்று காலை தாமதமாக வந்ததற்காக நான் வெளியே நிறுத்திய பையனின் கை கண்முன் வந்து நின்றது. முகம்கூட ஞாபகம் வரவில்லை, கைதான். நகக்கண்ணில் மண். ஏன் தாமதம் என்று நான் கேட்கவே இல்லை. மறுநாள் கூப்பிட்டுக் கேட்டேன். பூம்பாறைப் பையன். பூண்டு அறுவடை, அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, விடியுமுன் காட்டுக்குப் போய்விட்டுத்தான் பஸ் ஏறுகிறான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு அது விளங்கவில்லை, தலையை ஆட்டிவிட்டு ஓடிவிட்டான்.

எத்தனையோ இரவுகள் ஒன்றுமே தோன்றாது, வறண்டுபோய்க் கிடக்கும். அப்போதும் பத்து நிமிடம் உட்காருகிறேன்.

பந்தலூர் பக்கத்திலிருந்து ஒரு தங்கை:

போன வாரம் கேட்டது நான்தான். எங்கள் பாட்டி இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவர். இங்கே கொழுந்து பறித்தே பிள்ளைகளை வளர்த்தார். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ராத்திரி ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம் கட்டாயம். வெளியே யானை வந்தால் விளக்கை அணைத்துவிட்டு, சத்தத்தைத் தாழ்த்தி, இருட்டிலேயே ஜெபத்தை முடிப்போம். ஆளுக்கொரு வசனம் சொன்னால்தான் சாப்பாடு. நானும் தம்பியும் "இயேசு கண்ணீர் விட்டார்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொள்வோம். அதைவிடச் சின்ன வசனம் எங்களுக்குத் தெரியாது. பாட்டி ஒரு நாளும் திட்டியதில்லை. "சரி, அதையாவது தெனமும் சொல்லு" என்பார்.

இப்போது நான் நர்ஸ். போன மாதம் நைட் டூட்டியில் ஒரு சின்னப் பிள்ளை என் கையிலேயே போய்விட்டது. அந்தத் தாயின் பக்கத்தில் நிற்கும்போது எனக்கு ஜெபிக்கவும் வரவில்லை, ஆறுதல் சொல்லவும் வரவில்லை. அந்த இரண்டு மூன்று வார்த்தை மட்டும் வந்தது. அதைச் சொல்லிக்கொண்டே அழுதேன். டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்து, அந்த வசனம் வருகிற லாசருவின் அதிகாரத்தைப் (யோவான் 11) பெரியவளான பிறகு முதல் முறையாக முழுசாக வாசித்தேன். அன்றிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்று ஒரு தவிப்பு. அதனால்தான் கேட்டேன் அண்ணா. ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கிறது, நேரம் நிலையாக இல்லை.

கேத்திச் சகோதரர்:

தங்கச்சி, எனக்கும் நேரம் நிலையாக இருந்ததில்லை, இடம்தான் நிலைத்தது. லோடு ஏற்றுகிற இடம், அப்புறம் வளைவு. உனக்கும் ஷிஃப்ட் எதுவானாலும் மாறாத ஒரு இடம் இருக்கும், யூனிஃபார்ம் மாற்றுகிற அறையோ, பஸ்ஸுக்கு நிற்கிற இடமோ. அங்கே அந்தச் சின்ன வசனத்தையே வைத்துத் தொடங்கு. டீச்சரம்மா, பையனுடைய அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது?

இங்கே மூட்டை தைத்துக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் கால் மணி நேரத்தில் கிளம்புவேன். ஒன்பதாவது வளைவு கொஞ்ச நாளாகக் காலியாக இருக்கிறது. இன்றைக்கு அங்கே, தங்கச்சி சொன்ன, பிள்ளையை இழந்த அந்தத் தாயின் பெயர். பெயர் தெரியாது, பந்தலூர் அம்மா என்று சொல்லிக்கொள்கிறேன்.