ஏலியன்ஸ் படத்துக்கு அப்புறம் நடக்கிற காமிக்ஸ், எந்தப் பதிப்பு வாங்கறது?

காமிக்ஸ்பிரியன்:
மக்களே வணக்கம். 1986ல வந்த ஏலியன்ஸ் எனக்கு உசுரு, கதாநாயகி ரிப்ளி அந்தச் சின்னப் பொண்ணு நியூட்டைத் தேடி முட்டைங்களுக்கு நடுவுல இறங்கிப் போற இடம் இன்னைக்குப் பாத்தாலும் நெஞ்சு படபடக்கும். அதனாலயே 1992ல வந்த மூணாவது படத்துல ஆரம்பத்துலயே அவங்களோட தப்பிச்ச சிப்பாய் ஹிக்ஸும் நியூட்டும் செத்துட்டாங்கன்னு காட்டினதை என்னால ஏத்துக்கவே முடியல. இப்ப ஃப்ரெண்ட் ஒருத்தர் சொல்றார், அவங்க ரெண்டு பேரும் உயிரோட இருக்கிற மாதிரி ஒரு காமிக்ஸ் தொடர் இருக்காம். தேடினா வில்க்ஸ், பில்லின்னு வேற யாரோ வர்றாங்க. எதை வாங்கறது?

பழையபுத்தகம்:
நீங்க தேடறதும் கண்ணுல பட்டதும் ஒரே கதைதாங்க. டார்க் ஹார்ஸ்ங்கிற காமிக்ஸ் பதிப்பகம் 1988ல ஆரம்பிச்சது, மார்க் வெர்ஹைடன் எழுத்து, மார்க் நெல்சன் ஓவியம், ஆறு இதழ், முழுக்க கறுப்பு வெள்ளை. படம் முடிஞ்சு பல வருஷம் கழிச்சு கதை தொடங்குது, நியூட் வளர்ந்துட்டா, ஆனா ராத்திரி ராத்திரி கெட்ட கனவு, மனநல ஆஸ்பத்திரில அடைச்சு வச்சிருக்காங்க, ஹிக்ஸுக்கு ஆசிட் பட்ட பாதி முகம் தழும்பாவே நின்னுடுச்சு. அந்த வேற்றுக்கிரக ஜந்துங்களோட சொந்த கிரகத்துக்கே ஹிக்ஸை அனுப்பறாங்க, அவர் நியூட்டையும் கூட்டிட்டுப் போயிடறார். அப்புறம் மூணாவது படம் வந்து ரெண்டு பேரையும் கொன்னுடுச்சா, காமிக்ஸ் படத்தோட முட்டிக்கக் கூடாதுன்னு மறுபதிப்புல பேரை மாத்திட்டாங்க, ஹிக்ஸ் வில்க்ஸ் ஆனார், நியூட் பில்லி ஆனா. 2007ல வந்த ஆம்னிபஸ்ங்கிற தொகுப்புலயும் மாத்தின பேருதான். 2016ல படத்தோட 30வது வருஷத்துக்கு ஒரு கெட்டி அட்டைப் பதிப்பு போட்டாங்க பாருங்க, அதுல பழைய பேரு, பழைய கறுப்பு வெள்ளை, எல்லாம் அப்படியே. அதைத்தான் வாங்கணும்.

விண்கலம்77:
பேரு மாறினா என்னன்னு கேக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். அந்தப் பொண்ணு கனவுல அலறும்போது நமக்கு எதுக்கு வலிக்குது? காத்துக்குழாய்க்குள்ள பதுங்கிக் கிடந்து பொழைச்ச குழந்தைன்னு நமக்குத் தெரியும், ரிப்ளியை அம்மான்னு கூப்பிட்டவ. பில்லிங்கிற பேருல படிச்சா அந்த வலியில பாதி போயிடுது. பூமில நடக்கிற பகுதியையும் விட்டுடாதீங்க, ஒரு கம்பெனி ராணி ஜந்துவை வச்சிருக்கும், அது கூப்பிடற மாதிரி ஜனங்களுக்குக் கனவு வரும், ஒரு கூட்டம் அதையே சாமியா கும்பிட்டுக்கிட்டுத் தானா போய் பலியாகும். எந்தப் படத்துலயும் இவ்வளவு தூரம் போகல.

மைக்கோடு:
நான் கொஞ்சம் மாறுபடறேன். ஸ்டீவ் பெர்ரி இதை நாவலா எழுதினார், அதுல வில்க்ஸ் பில்லிதான், நான் முதல்ல படிச்சது அதைத்தான், அவங்களைத் தனி ஆளுங்களா நினைச்சுப் படிச்சாலும் கதை நல்லாவே நிக்குது. ஆனா ஓவியம்னா 1988 பதிப்புதான், அதுல சந்தேகமே இல்ல. நெல்சன் அந்த ஜந்துங்களை முழுசாக் காட்டவே மாட்டார், இருட்டுல ஒரு பல்லு வரிசை, ஒரு வாலு, மிச்சமெல்லாம் பொடிப்பொடி கோடு, கண்ணு தானா தேட ஆரம்பிச்சிடும். பின்னாடி கலர் அடிச்சுப் போட்ட பதிப்புல அந்த இருட்டு தொலைஞ்சு போச்சு.

காமிக்ஸ்பிரியன்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், 30வது வருஷப் பதிப்பையே தேடறேன். அதோட கதை முடிஞ்சிடுதா? ரிப்ளி வருவாங்களா?

பழையபுத்தகம்:
முடியல. 1989ல ரெண்டாவது தொடர், நாலு இதழ், டெனிஸ் போவேயோட பெயிண்டிங், கலர்ல. அதுக்கப்புறம் 1990ல எர்த் வார்னு மூணாவது தொடர், இதுக்கு சாம் கீத் ஓவியம், ரிப்ளி முழுசா களத்துல இறங்கறது இதுலதான். அதே கதையோட நாவல்ல மட்டும் மூணாவது படத்தோட ஒத்துப் போகணும்னு அந்த ரிப்ளி மனுஷியே இல்ல, செயற்கை மனுஷின்னு ஆக்கிட்டாங்க, அது எனக்குச் சுத்தமா பிடிக்கல. நீங்க காமிக்ஸ்லயே வரிசையா படிங்க, சாம் கீத் கோடு முதல்ல கோணல்மாணலா தெரியும், நாலஞ்சு பக்கம் போனா பழகிடும்.