டேனரி சாஃப்ட்வேர் மேனுவல்: யாரும் திறப்பதில்லை, தமிழ் பிடிஎஃப்பும் உடைகிறது. உதவி தேவை

காட்பாடி கோடர்:

வணக்கம். காட்பாடியில் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் இருக்கிறேன். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்து டேனரிகளுக்கு (தோல் பதனிடும் ஆலைகளுக்கு) ஸ்டாக் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுக்கிறோம். பச்சைத்தோல் கேட்டுக்குள் வருவதில் தொடங்கி வெட் ப்ளூ (குரோமில் பதனிட்ட ஈரத்தோல்), கிரஸ்ட் (காயவைத்த, ஃபினிஷிங் ஆகாத தோல்), ஃபினிஷ்ட் என்று லாட் லாட்டாகத் தொடர்ந்து, கடைசியில் சதுர அடிக் கணக்கோடு சலான் போடுவது வரை அதில் நடக்கும். டாக்குமெண்டேஷனுக்கென்று தனி ஆள் கிடையாது, கோடு எழுதுகிறவர்தான் மேனுவலும் எழுத வேண்டும்.

180 பக்கத்துக்கு ஆங்கிலத்தில் யூசர் மேனுவல் இருக்கிறது. மெனு வரிசைப்படி, ஸ்கிரீனுக்கு ஒரு படம், கட்டத்துக்கு ஒரு விளக்கம். யாரும் திறப்பதில்லை. தினமும் அதே போன் கால்கள்தான்: லாட்டைப் பிரிப்பது எப்படி, பீஸ் கணக்கு ஏன் இடிக்கிறது, நேற்று போட்ட என்ட்ரியை எப்படி எடுப்பது. இப்போது புது கஸ்டமர் ஒருவர் தமிழில் யூசர் மேனுவலும், அவர்களுடைய ஐடி ஆளுக்குத் தனியாக டெக்னிக்கல் மேனுவலும் கொடுத்தால்தான் கடைசித் தவணை என்று சொல்லிவிட்டார்.

சரி என்று தமிழில் ஆரம்பித்தேன். மார்க்டவுனில் (எளிய குறிகள் போட்ட உரைக் கோப்பு) எழுதி, பான்டாக் என்ற கோப்பு மாற்றும் கருவி வழியாகப் பிடிஎஃப் எடுக்கிறேன். முதலில் பிழை காட்டி நின்றது. பிடிஎஃப் உருவாக்கும் எஞ்சினை ஸீலேடெக் ஆக மாற்றி, நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்ட் கொடுத்ததும் பிடிஎஃப் வருகிறது, ஆனால் ‘கொ’, ‘கெ’ எல்லாவற்றிலும் கொம்பு இடம் மாறி, புள்ளி வட்டத்தோடு தனியாக நிற்கிறது. பட்டன் பெயர்களை ஆங்கிலத்திலேயே விட்டிருந்தேன், அந்த இடமெல்லாம் வெற்றாக இருக்கிறது.

பிடிஎஃப்பை எப்படிச் சரி செய்வது? அப்புறம், அந்த 180 பக்கத்தையும் தமிழாக்கினால் போன் குறையுமா?

பாலாறு:

தம்பி, பிடிஎஃப் விஷயம் சின்னதுதான். யூனிகோடில் ‘கெ’ என்றால் முதலில் க, பிறகுதான் கொம்பு சேமிக்கப்படும். திரையிலும் தாளிலும் கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது ஷேப்பிங், அதாவது எழுத்துகளை அதனதன் இடத்தில் அடுக்குவதைச் செய்கிற இன்ஜின் வேலை. ஸீலேடெக்கில் அது இருக்கிறது, ஆனால் இது தமிழ் எழுத்து என்று சொல்ல வேண்டும். பான்டாக் கட்டளையில் மெயின்ஃபான்ட் கொடுத்த மாதிரியே மெயின்ஃபான்ட்ஆப்ஷன்ஸ் என்ற மாறியில் ஸ்கிரிப்ட்=தமிழ் என்று கொடுங்கள், எல்லாமே ஆங்கில எழுத்தில், ஸ்கிரிப்ட், தமிழ் இரண்டுக்கு மட்டும் முதல் எழுத்து பெரியதாக. கொம்பு இடத்துக்கு வந்துவிடும்.

பட்டன் பெயர் காணாமல் போவது வேறு காரணம். நோட்டோ தமிழ் ஃபான்ட்டின் சில பதிப்புகளில் ஆங்கில எழுத்தே கிடையாது. இரண்டும் சேர்ந்த ஃபான்ட் போடுங்கள், முக்தா மலர் இலவசம், அதில் இரண்டும் உண்டு. லேடெக் தலைவலியே வேண்டாம் என்றால் எச்டிஎம்எல் ஆக எடுத்து குரோமிலிருந்து பிடிஎஃப் ஆக அச்சிடுங்கள், ஷேப்பிங்கை பிரவுசரே பார்த்துக்கொள்ளும். எந்த வழியில் எடுத்தாலும் பிடிஎஃப்பைத் திறந்து ‘கொள்முதல்’ என்று ஒரு தரம் தேடிப் பாருங்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தும் தேடினால் அகப்படாத பிடிஎஃப்கள் உண்டு.

இன்னொன்று, கஸ்டமர் தன் பழைய நடைமுறைக் குறிப்புகளை பாமினி, வானவில் மாதிரி யூனிகோடு அல்லாத பழைய ஃபான்ட்டில் தருவார். அதை அப்படியே ஒட்டாதீர்கள், யூனிகோடுக்கு மாற்றிவிட்டு எடுங்கள்.

சத்துவாச்சாரி:

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன், டெக்னிக்கல் ரைட்டிங்தான் என் பிழைப்பு. தமிழாக்காதீர்கள். யாரும் திறக்காத 180 பக்கம் தமிழில் 220 பக்கமாகும், அதையும் யாரும் திறக்கமாட்டார்கள்.

மெனு வரிசையில் எழுதிய மேனுவல், சாஃப்ட்வேரைக் கட்டியவருக்கு மட்டும்தான் புரியும். கோடவுன் கிளார்க்குக்கு ‘இன்வென்டரி மெனுவில் மூன்றாவது’ என்று எதுவும் தெரியாது, அவர் முன்னால் லாரி நிற்கிறது, அவ்வளவுதான். 1980களில் ஐபிஎம்மில் ஜான் கேரல் என்பவர், புதிதாகக் கம்ப்யூட்டர் பழகுகிறவர்களை உட்கார வைத்துக் கவனித்தார். அவர்கள் மேனுவலை வரிசையாகப் படிக்கவே இல்லை, நேராக வேலையில் இறங்கினார்கள், மாட்டிக்கொண்ட பிறகுதான் புத்தகத்தைத் தேடினார்கள். அவர் வெட்டிச் சுருக்கிய மேனுவலில் வேலையும், தவறினால் மீள்வதும்தான் முதன்மை. அதைப் படித்தவர்கள் சீக்கிரம் கற்றார்கள்.

அதனால் முதலில் போன் கால் லிஸ்ட்டை எடுங்கள். யார் கூப்பிட்டார், என்ன வேலையின் நடுவில் கூப்பிட்டார், அந்த நேரம் ஸ்கிரீனில் என்ன இருந்தது. உங்கள் பொருளடக்கம் அதுதான். பிறகு ஆள் வாரியாகப் பிரியுங்கள்: கோடவுன், டிரம் யார்டு (தோலை டிரம்மில் போட்டுச் சுற்றும் இடம்), செலக்‌ஷன், டிஸ்பாட்ச், கணக்கு, முதலாளி. முதலாளிக்கு மூன்று ரிப்போர்ட் எப்படிப் பார்ப்பது என்று ஒரு பக்கம் போதும்.

நீங்கள் சொன்ன லாட் பிரிப்பையே எடுத்துக்கொள்வோம். 600 பீஸ் வெட் ப்ளூ, செலக்‌ஷனில் 350, 200, 50 என்று மூன்று தரமாகிறது. பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்றால், தலைப்பே ‘செலக்‌ஷனுக்குப் பிறகு லாட்டைப் பிரிக்க’ என்று வேலையைச் சொல்ல வேண்டும். இதை எப்போது செய்வது, தொடங்கும் முன் கையில் என்ன இருக்க வேண்டும் என்று இரண்டு வரி. பிறகு படிகள், ஒரு படிக்கு ஒரு செயல். முடிந்ததும் சரியாக வந்ததா என்று எப்படித் தெரியும்: மூன்று புது லாட்டும் கூடி 600 வரவேண்டும், பழைய லாட்டில் மீதி பூஜ்யம் காட்ட வேண்டும். கடைசியில், 350க்குப் பதில் 530 அடித்துவிட்டால் என்ன செய்வது. இந்தக் கடைசிப் பகுதியைத்தான் எல்லா மேனுவலிலும் விட்டுவிடுகிறார்கள், போன் வருவதும் அதற்குத்தான். பட்டன் பெயர் ஸ்கிரீனில் உள்ளபடியே இருக்கட்டும், தமிழில் புதுப்பெயர் வைத்தால் ஆள் தேடிக்கொண்டே இருப்பார்.

ஸ்கிரீன் படம் எல்லாப் படிக்கும் வேண்டாம், அடுத்த வெர்ஷனில் அத்தனையும் பொய்யாகிவிடும். கண் தடுமாறும் இடத்துக்கு மட்டும் போடுங்கள். கட்டம் கட்டமாக விளக்கம் தேவைப்பட்டால் தனியாகப் பின்னால் வையுங்கள், படிகளுக்கு நடுவில் திணிக்க வேண்டாம். மேனுவல் எழுதுவதற்கான டிட்டா என்ற தரம் 2005லேயே இப்படித்தான் கருத்து, செய்முறை, குறிப்புத்தகவல் என்று பிரித்தது. அதற்கான மென்பொருள் உங்களுக்குத் தேவையில்லை, பிரிவினை மட்டும் போதும். கஸ்டமர் எந்தத் தரப்படி என்று கேட்டால் ஐஎஸ்ஓ, ஐஇசி, ஐஇஇஇ மூன்றும் சேர்ந்து வெளியிட்ட 26514 என்று சொல்லலாம், 2022 பதிப்பு இருக்கிறது. அதைக் காட்டி அவரை மிரட்ட வேண்டாம்!

டிரம் யார்டு:

பேரணாம்பட்டில் ஒரு தோல் கம்பெனியில் சூப்பர்வைசர் நான். சார் சொல்வது சரி, ஆனால் பிடிஎஃப் என்று பேசிக்கொண்டே இருக்கிறீர்களே, யார்டில் யார் பிடிஎஃப் திறப்பது? கையில் கிளவுஸ், கிளவுஸில் சுண்ணாம்பு, போனைத் தொட முடியாது. எங்கள் கேபினில் கம்ப்யூட்டருக்கு மேலே லாமினேட் செய்த ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, அதைத்தான் பார்க்கிறோம். பெரிய எழுத்தில், ஒரு வேலைக்கு ஒரு தாள். எங்களிடம் உருது பேசுகிற ஆட்கள் இருக்கிறார்கள், பீகாரிலிருந்து வந்த பசங்க இருக்கிறார்கள், தமிழ் படிக்கத் தெரியாது, அதனால் படிக்கு நம்பரும் பட்டனின் படமும் இருந்தால் புண்ணியமாகப் போகும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபிக்கக் கூடாது. நாங்கள் வேறு ஒரு சாஃப்ட்வேர் வைத்திருக்கிறோம், அதிலும் லாட் பிரிப்பு உண்டு. பிரிக்கிறதற்குப் பழைய லாட்டை மூட வேண்டும், அதற்கு இன்னொரு ஸ்கிரீன், அதற்குப் பாஸ்வேர்ட் கணக்குப்பிள்ளையிடம். அவர் வாலாஜாவிலிருந்து பத்து மணிக்கு வருவார். நைட் ஷிப்டில் என்ன செய்வது? புது லாட் என்று போட்டுவிடுவோம். அப்புறம் பையர் ஆடிட் வந்து இந்தத் தோல் எந்தப் பச்சைத்தோல் லாட் என்று கேட்டால் எல்லோரும் முழிப்போம்.

சத்துவாச்சாரி:

இதைத்தான் நான் எதிர்பார்த்தேன் பாய். ஒரு பக்கத்தில் ‘கவனம், கவனம், கவனம்’ என்று மூன்று இடத்தில் எழுத வேண்டி வந்தால் பழுது மேனுவலில் இல்லை, ஸ்கிரீனில். கோடர் தம்பி, உங்களுக்கு இது வசதி, எழுதுகிறவரும் நீங்களே, திருத்துகிறவரும் நீங்களே. பக்கம் எழுத எழுத இடிக்கிற இடத்தையெல்லாம் குறித்துவையுங்கள், அதில் பாதியை கோடில் சரி செய்துவிட்டால் அவ்வளவு எழுதவே வேண்டியதில்லை.

பாலாறு:

டெக்னிக்கல் மேனுவல் பற்றி யாரும் பேசவில்லை. அது ஐடி ஆளுக்கு, இதே மாதிரி எளிமையாக்க வேண்டாம், ஆனால் ஒன்றும் விடக்கூடாது. சர்வரில் என்னென்ன தேவை, எந்த வெர்ஷன், எந்த போர்ட் திறக்க வேண்டும், டேட்டாபேஸில் எந்த டேபிள் எதற்கு, லாக் எங்கே விழும், ஒவ்வொரு பிழை எண்ணுக்கும் காரணமும் தீர்வும். எல்லாவற்றையும் விட முக்கியம் பேக்கப்பும் ரிஸ்டோரும். ரிஸ்டோர் பகுதியை எழுதியதும், அதை இதுவரை செய்யாத ஒருவரிடம் காலி மெஷின் கொடுத்து, பக்கத்தில் நின்று வாய் திறக்காமல் பாருங்கள். அவர் உங்கள் முகத்தைப் பார்க்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு வரி குறைகிறது என்று அர்த்தம்.

பைல்களை கோடு இருக்கும் அதே கிட்டில் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) வையுங்கள். ஸ்கிரீன் மாறினால் அதே மாற்றத்தில் மேனுவல் பக்கமும் மாறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரிலீஸ் கிடையாது என்று ஒரு விதி. முதல் பக்கத்தில் சாஃப்ட்வேர் வெர்ஷனும் தேதியும் போடுங்கள். சுவரில் ஒட்டுகிற தாளிலும் மூலையில் அதே எண் இருக்கட்டும், பழைய தாளைக் கிழிக்கச் சொல்ல வசதி.

காட்பாடி கோடர்:

பாலாறு அண்ணா, ஸ்கிரிப்ட்=தமிழ் கொடுத்ததும் கொம்பு சரியாகிவிட்டது, முக்தா மலர் போட்டதும் பட்டன் பெயர்களும் வந்துவிட்டன, தேடினாலும் கிடைக்கிறது. நன்றி.

கால் லிஸ்ட்டை எடுத்துப் பார்த்தேன், முக்கால்வாசி லாட் பிரிப்பும் என்ட்ரி ரத்தும்தான். டிரம் யார்டு பாய் சொன்ன அதே பாஸ்வேர்ட் கதை எங்கள் சாஃப்ட்வேரிலும் இருக்கிறது. பிரிக்கும்போதே பழைய லாட் தானாக மூடுகிற மாதிரி மாற்றிக்கொண்டிருக்கிறேன், அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கத்தை எழுதுவேன். முதல் தாளை வெள்ளிக்கிழமை ஆம்பூர் கொண்டுபோய் செலக்‌ஷன் ஆட்களிடம் கொடுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். ஏ3 போதுமா?

டிரம் யார்டு:

ஏ3 தாராளம். லாமினேஷன் ஓரம் நன்றாக ஒட்டியிருக்கட்டும், ஈரம் ஏறினால் ஒரு மாதத்தில் மை பரவிவிடும். வெள்ளிக்கிழமை வேண்டாம், மதியம் தொழுகைக்குப் போய்விடுவார்கள், ஆள் கிடைக்காது. வியாழன் காலையில் போங்கள், செலக்‌ஷன் நடக்கும்போதே நின்று பார்க்கலாம்.