60 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் ரோபோவின் கை எடை தூக்க மறுக்கிறது. 90 வைத்தால் விதி இடம் தருமா?

ஓசூர் இயற்பியல் ஆசிரியை:
வணக்கம். எங்கள் பள்ளி மாணவர்கள் எஃப்.ஆர்.சி. (ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ்) போட்டிக்கு முதன்முறையாக ரோபோ கட்டுகிறார்கள். தூக்கும் கைக்கு மோட்டார் வைக்காமல் காற்றுச் சிலிண்டர் வைத்திருக்கிறோம். போர் (உள்விட்டம்) 25 மி.மீ., ஸ்ட்ரோக் (நீளும் தூரம்) 200 மி.மீ., இருபுறமும் காற்று ஏறும் வகை. சிப்காட் பக்கத்தில் ஒரு பழைய உதிரிபாகக் கடையில் வாங்கியது. லேபிள் முழுவதும் தேய்ந்துவிட்டது. வால்வும் டியூபும் அதே கடையில் எடுத்தவைதான்.

கையின் நீளம் 60 செ.மீ., அதன் எடை 2 கிலோ. நுனியில் 3 கிலோ பொருள். கை சுழலும் அச்சிலிருந்து 8 செ.மீ. தள்ளிச் சிலிண்டரைக் கையோடு இணைக்கும் ஊசி (பின்) மாட்டியிருக்கிறது. கிடைநிலைக்குக் கீழே 50 பாகையிலிருந்து மேலே 50 பாகை வரை ஏற வேண்டும். பொருள் இல்லாதபோது விறுவிறுவென ஏறுகிறது. பொருளை வைத்தால் திணறி நின்றுவிடுகிறது. அழுத்தத்தை 90 ஆக்கினால் மெல்ல ஏறிவிடுகிறது. தொட்டியில் 120 வரை சேமிக்கலாம் என்று விதியே சொல்லும்போது 90இல் ஓட்டக் கூடாதா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். சிலிண்டரிலிருந்து நீளும் தண்டின் (ராடு) முனைப் புரியில் நட் சரியாக ஏறவில்லை. லேத்தில் கொடுத்து எம்8 (8 மி.மீ.) புரியாக வெட்டிக்கொள்ளலாமா? லேபிள் இல்லாத சிலிண்டரைப் போட்டிப் பரிசோதகர் ஏற்பாரா?

தருமபுரி பொறியியல் மாணவர்:
டீச்சர், நாங்கள் ரோபோகான் என்ற கல்லூரிப் போட்டிக்குக் கட்டுகிறோம். எங்களுக்கு 6 பார் வரை அனுமதி உண்டு. 90 என்பது ஏறக்குறைய அதுதானே? தாராளமாக வையுங்கள்.

சிப்காட் பராமரிப்புப் பொறியாளர்:
தம்பி, அவசரப்பட வேண்டாம். ரோபோகான் வரம்பான 6 பார் என்பது 600 கிலோபாஸ்கல், அதாவது 87 பி.எஸ்.ஐ. 90 வைத்தால் உங்கள் போட்டியிலேயே மீறல். டீச்சர் கேட்பது வேறு போட்டி, அதன் விதியும் வேறு. எஃப்.ஆர்.சி.யில் சேமிப்புப் பக்கம் 120, வேலை செய்யும் பக்கம் 60 பி.எஸ்.ஐ. இந்த இரண்டும் தனித்தனி வரம்புகள். நடுவில் நின்று அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் 60க்கு மேல் விடவே கூடாது.

டீச்சர், அழுத்தத்தைத் தொடுவதற்கு முன் ஒன்று பாருங்கள். பொருளோடு கை திணறும்போது வேலைப் பக்கத்து அழுத்தமானியில் (கேஜ்) முள் எங்கே நிற்கிறது? 60இலிருந்து சரிந்தால் காற்று வந்து சேரவில்லை என்று பொருள்: கசிவு இருக்கலாம், ரெகுலேட்டர் அடைத்திருக்கலாம். 60இலேயே நின்றால் காற்றில் குறையில்லை, விசைதான் போதவில்லை. ராடு வெளியே நீண்டிருக்கும்போது அதன் மேற்பரப்பையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்.

ஓசூர் இயற்பியல் ஆசிரியை:
முள் 60இலேயே நிற்கிறது, ஐயா. ராடில் ஒரு பக்கம் மட்டும் நீளவாக்கில் பளபளவென்று ஒரு கோடு தெரிகிறது. மறுபக்கம் சுத்தமாக இருக்கிறது.

சிப்காட் பராமரிப்புப் பொறியாளர்:
அப்படியானால் இரண்டு கோளாறுகள். அந்தக் கோடு பக்கவாட்டு இழுவையின் அடையாளம். சிலிண்டரின் அடிப்பக்கத்தை அசையாமல் போல்ட் போட்டு இறுக்கியிருப்பீர்கள். கை வட்டமாகச் சுழலும்போது சிலிண்டரும் சாய்ந்து கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ராடு அதைத் தாங்கும் வளையத்தில் (புஷ்) உரசும், இருக்கும் விசையும் அதில் கரையும். இரு முனைகளிலும் பின் மாட்டித் திரும்ப விடுங்கள்.

இனி விசை. 25 மி.மீ. போருக்கு 60 பி.எஸ்.ஐ.யில் ஏறக்குறைய 203 நியூட்டன் கிடைக்கும். 8 செ.மீ. நெம்புகோலில் அது 16 நியூட்டன் மீட்டர். கை கிடைநிலையில் இருக்கும்போது பொருளுக்கு 17.6, கையின் சொந்த எடைக்கு 5.9, ஆக 23.5 தேவை. 90இல் உங்களுக்குக் கிடைப்பது 24.4. மயிரிழையில் ஏறுகிறது, அவ்வளவுதான். இதே சிலிண்டர் தொழிற்சாலையில் 6 பார் லைனில் ஓடியிருக்கும். கடைக்காரர் ‘30 கிலோ தள்ளும்’ என்று சொல்லியிருந்தால் அது அந்த அழுத்தத்துக்கு உண்மை. 60இல் 20 கிலோதான் தள்ளும்.

வழி உங்கள் ஸ்ட்ரோக்கிலேயே இருக்கிறது. 8 செ.மீ. ஆரத்தில் 100 பாகை சுழல ஏறத்தாழ 123 மி.மீ. நீண்டால் போதும். மீதி 77 மி.மீ. சும்மா கிடக்கிறது. பின்னை 13 செ.மீ.க்குத் தள்ளுங்கள். 200 மி.மீ.யும் வேலைக்கு வரும், 26.4 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். கை கிடையாக இருக்கும்போது சிலிண்டர் அதற்குச் செங்குத்தாக வரும்படி அமையுங்கள். கையின் சொந்த எடையைத் தாங்க ரப்பர் டியூப் இழுத்துக் கட்டினால் இன்னும் நிம்மதி. 32 மி.மீ. போர் வாங்கலாம் என்று யாராவது சொல்வார்கள். விதி அதைத் தடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் 1.6 மடங்கு காற்று தின்னும்.

பர்கூர் முன்னாள் போட்டியாளர்:
பரிசோதனை மேசையில் என்ன கேட்பார்கள் என்று நான் சொல்கிறேன். சிலிண்டர் கடையில் விற்கும் பொருளாக, மாற்றப்படாமல் இருக்க வேண்டும். மாட்டுவதற்கான பின்னைக் கழற்றலாம். உள்ள புரியில் வேறு உறுப்பைப் பொருத்தலாம். புதிதாகப் புரி வெட்டினால் சிலிண்டர் தகுதியிழக்கும். டீச்சர், லேத்துக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். இந்த அளவுச் சிலிண்டர்களில் ராடு முனை பொதுவாக எம்10 (10 மி.மீ.), புரிகளின் இடைவெளி 1.25 மி.மீ. ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகத் தருவது 1.5 புரி நட். அதனால்தான் இரண்டு சுற்றில் இறுகிவிடுகிறது. 1.25 என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

லேபிள் இல்லை என்பதற்காக மட்டும் சிலிண்டரை ஒதுக்க வேண்டாம். வேலைப் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு உறுப்பும் குறைந்தது 70 பி.எஸ்.ஐ. தாங்கும் என்று தயாரிப்பாளரின் தாளைக் காட்ட வேண்டும். சேமிப்புப் பக்கத்துக்கு 125. மூடியின் விளிம்பில் தின்னர் நனைத்த துணியால் துடைத்துப் பாருங்கள், பொறித்த மாடல் எண் இருந்தால் தெரியும். எண் கிடைக்கவில்லையென்றால் வேறு சிலிண்டர் வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பிப் பிள்ளைகளின் உழைப்பைப் பணயம் வைக்கக் கூடாது.

எனக்குக் கவலை அந்த வால்வும் டியூபும்தான். அளவு என்ன?

ஓசூர் இயற்பியல் ஆசிரியை:
மூடியில் எண் கிடைத்துவிட்டது. தயாரிப்பாளர் தாளில் 1 மெகாபாஸ்கல் என்றிருக்கிறது. வால்வின் வாய் கால் அங்குலம், டியூப் 8 மி.மீ.

பர்கூர் முன்னாள் போட்டியாளர்:
1 மெகாபாஸ்கல் என்றால் 145 பி.எஸ்.ஐ., சிலிண்டருக்குக் கவலையில்லை. மற்ற இரண்டையும் மாற்றியே ஆக வேண்டும். மின்சாரத்தால் இயங்கும் சோலனாய்டு வால்வின் வாய் அரைக்கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது. டியூபின் வெளிவிட்டம் கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது. 6 மி.மீ. டியூப் வாங்குங்கள். தொழிற்சாலைப் பழைய சாமான்களில் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஜனவரியில் வரும் புதிய விதிப்புத்தகத்தின் காற்றுப் பகுதியை வாங்குவதற்கு முன் ஒருமுறை வரிவரியாகப் படித்துவிடுங்கள்.

தருமபுரி பொறியியல் மாணவர்:
நன்றி ஐயா, எங்கள் ரெகுலேட்டரின் அழுத்தத்தையும் குறைத்துவிட்டோம். என் தம்பி பள்ளியில் எஃப்.டி.சி. (ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச்) போட்டி அணியில் இருக்கிறான். அவனும் சிலிண்டர் வைக்கலாமா?

பர்கூர் முன்னாள் போட்டியாளர்:
எஃப்.டி.சி.யில் காற்றுச் சிலிண்டருக்கே அனுமதி இல்லை. மோட்டாரும் சர்வோவும் வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

ஓசூர் இயற்பியல் ஆசிரியை:
பின்னை 13 செ.மீ.க்கு மாற்றி, அடிப்பக்கத்தைத் திரும்ப விட்டோம். ரப்பர் டியூபும் கட்டியாயிற்று. இப்போது 60இலேயே பொருளோடு ஏறுகிறது. 6 மி.மீ. டியூபுக்கும் சிறிய வால்வுக்கும் நாளை பெங்களூருக்கு ஆள் போகிறது. டியூப் மெலிந்தால் ஏறும் வேகம் குறையுமா, ஐயா?

சிப்காட் பராமரிப்புப் பொறியாளர்:
கொஞ்சம் குறையும். வால்வைச் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். இடையில் டியூப் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. வேகக் கட்டுப்பாட்டு வால்வு போடுவதாக இருந்தால் வெளியேறும் காற்றை மட்டும் அடக்கும் வகையாக வாங்குங்கள், கை இறங்கும்போது தடாலென்று விழாது.